கம்ப்யூட்டரின் தேதியை மாற்றியது யார்

சுங்குவார்சத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை, மதியம்.

அன்புள்ள மகள் ரஞ்சனிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். நீ கவுகாத்தியில் சௌக்கியமாக இருப்பதாக உன் அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலே எனக்குச் சொல்கிறாள். உன் கையெழுத்தில் நாலு வரி வந்தால்தான் எனக்கு அது செய்தி. போனில் சொல்லக்கூடியதை ஏன் எழுதுகிறார் என்று நினைக்காதே. போனில் நான் ஆரம்பித்தால் பாதியில் ஆடிட் வந்திருக்கிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்கிறாய். அந்த ஆடிட் என் குரலைக் கேட்டதும்தான் வருகிறதோ என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. உன் அம்மாவின் முழங்கால் முன்பைவிடத் தேவலை, ஆனால் தைலத்தை விட்டுவிட்டு யாரோ சொன்ன மாத்திரையை விழுங்குகிறாள், யார் சொன்னது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். மழை தொடங்கிவிட்டது. மெயின் ரோட்டில் பாலத்துக்காகத் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்பதால் கன்டெய்னர் லாரிகள் நம் தெரு வழியாகத் திரும்புகின்றன, ஜன்னல் கண்ணாடி நாளெல்லாம் அதிர்கிறது. பக்கத்து மனை கைமாறிவிட்டது, வாங்கியது யார் என்று பத்திரம் எழுதியவரே வாய் திறக்க மறுக்கிறார். இதெல்லாம் இருக்கட்டும். நான் எழுத உட்கார்ந்தது நம் பழைய கம்ப்யூட்டரைப் பற்றி.

நீ பிளஸ் டூ படித்தபோது வாங்கினோமே, அந்தக் கறுப்புப் பெட்டிதான். ஆயுத பூஜை முடிந்த பிறகு அது எழுந்திருக்கவில்லை. அது எழுந்திருக்காவிட்டால் எனக்கு என்ன நஷ்டம் என்பதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் என் விஷயத்தை அவரவருக்குச் சௌகரியமான விதத்தில் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். ஒரகடத்துக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் தர ஆய்வாளனாக இருந்தேன். அந்தக் கடைசி மாசம் வந்த பிரேக் பைப் லாட் ஒன்றில், ஒரு தொகுதி முழுக்க, முனை மெலிந்திருந்தது. காலை பதினொன்று நாற்பதுக்கு அதை நிறுத்திவைத்துச் சிவப்பு அட்டை கட்டினேன், ரிஜிஸ்டரிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் நாலு பத்துக்கு அதே ரிஜிஸ்டரில் அதே லாட்டை விடுவித்துக் கையெழுத்துப் போட்டது லைன் சூப்பர்வைசர், அதாவது உன் மாமா பாண்டுரங்கன். மறுநாள் நான் பார்ப்பதற்குள் சரக்கு போய்விட்டது. வாங்கிய கம்பெனியிலிருந்து பைப் திரும்பி வந்ததும் விசாரணை வைத்தார்கள். தான் எந்த அட்டையையும் பார்க்கவில்லை என்று உன் மாமா சொன்னான். ரிஜிஸ்டர் காணாமல் போயிற்று. கெட்ட சரக்கை விட்டவன் என்று என்னை வெளியே அனுப்பினார்கள். நான் தினமும் ரிஜிஸ்டர் பக்கத்தை மறுநாள் காலையில் போனில் படம் எடுத்து, மாசக் கடைசியில் கம்ப்யூட்டரில் ஏற்றிவைப்பவன் என்பது அவர்களுக்குத் தெரியாது. விசாரணையில் காட்டினால் அதையும் அழித்துவிடுவார்கள் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டேன். அந்தப் போன் எப்போதோ போய்விட்டது. உலகத்தில் அந்தப் பக்கத்துக்கு இருக்கிற ஒரே பிரதி இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஏன் ஒரே பிரதி என்று நீ கேட்பாய், போன வருஷமே கேட்டாய். ஆகாயத்தில் எங்கோ இருக்கிற எவனோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் கொண்டுபோய் என் ஆதாரத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் கேஸை நடத்துகிற வக்கீல் எழிலரசி அம்மா நாலு முறை பிரிண்ட் கேட்டார். அவர் எதிர்த்தரப்பு வக்கீலோடு கோர்ட் வாசலில் டீ குடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் நேரம் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். நேரம் வந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை காஞ்சிபுரத்தில் வாய்தா. அன்றைக்கு அந்தப் பக்கத்தைக் காட்டாவிட்டால் என் தரப்பு ஆதாரத்தை முடித்துவிடுவார்கள், நான் கெட்ட சரக்கை விட்டவனாகவே நின்றுவிடுவேன்.

இப்போது நடந்ததைக் கேள். பூஜை முடிந்து உன் அம்மாவின் பிறந்த வீட்டுக்கு மூன்று நாள் போய்விட்டுத் திரும்பினோம். வந்ததும் சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் தேதியும் நேரமும் சரியில்லை என்று ஆங்கிலத்தில் வந்தது. மேலே போகச் சொன்னேன். விண்டோஸின் ஜன்னல் படம் பாதி வந்து, கண் சிமிட்டும் நேரம் நீலமாகி, அணைந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அன்று மாலை மட்டும் முப்பது முறையாவது அப்படிச் சுற்றியிருக்கும். பிளக்கை மாற்றிப் பார்த்தேன். மானிட்டர் வயரைக் கழற்றி மாட்டினேன். மூடியைத் திறந்து மெமரி பட்டையை எடுத்து, அதன் பித்தளைப் பல்லை ரப்பரால் தேய்த்துச் சொருகினேன், நீ காலேஜில் கற்றுக்கொண்டு வந்து எனக்குக் காட்டிய வேலைதான். ஒன்றும் நடக்கவில்லை. செட்டிங் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தேன். தேதி 2009, ஜனவரி ஒன்று என்று இருந்தது. கம்ப்யூட்டர் கெட்டுப்போகும், அது எனக்குத் தெரியும். ஆனால் கெட்டுப்போன கம்ப்யூட்டர் தானாகத் தேதியைப் பின்னால் தள்ளுமா? யாரோ உள்ளே போயிருக்கிறார்கள், போன நாள் தெரியக்கூடாது என்று தேதியை மாற்றியிருக்கிறார்கள், இப்படித்தான் நினைத்தேன். மூடியைத் திறப்பதற்கு முன்பே நான்கு ஸ்க்ரூவையும் பார்த்துவிட்டேன். கம்பெனியில் முறுக்கிய போல்ட்டின் மேல் மஞ்சள் பெயின்டால் கோடு இழுப்போம், யாராவது திருகினால் கோடு உடைந்துவிடும். வீட்டிலும் அப்படியே கோடு போட்டிருந்தேன். நான்கு கோடும் அசையாமல் இருந்தன. அப்படியானால் மூடியைத் திறக்காமலே காரியத்தை முடிக்கத் தெரிந்த ஆள் என்று என் சந்தேகம் இன்னும் கெட்டியாயிற்று.

யார் யார் என்று ஒரு தாளில் எழுதினேன். முதல் பெயர் பாண்டுரங்கன். பூஜைக்கு முதல் நாள் சுண்டல் கொடுக்கிற சாக்கில் வந்தான், நான் குளித்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் அந்த அறையில் இருந்தான் என்று உன் அம்மா சரியாகச் சொல்லவில்லை. இரண்டாவது உன் அம்மாவே. கம்ப்யூட்டர் போய்விட்டது என்று சொன்னதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, நான் பார்த்தேன். தம்பியின் கையெழுத்து கோர்ட்டுக்குப் போகாதே என்ற நிம்மதி. கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா, நிம்மதியாதான் இருந்துச்சு, அதுக்கு இன்னான்றீங்க இப்ப? அவன் எனக்குத் தம்பி, நீங்க எனக்குப் புருசன், நான் எங்க போய் நிக்கறது சொல்லுங்க" என்றாள். அவள் என்னோடு மூன்று நாள் பேசவில்லை. மூன்றாவது பெயர் உன்னுடையது. மறைக்க என்ன இருக்கிறது? சித்திரையில் வந்தபோது ஒரு மதியம் முழுக்க அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாய், போகும்போது அந்தக் கேஸை விட்டுவிடுங்கப்பா என்றாய். அதை நீயாகச் சொன்னாயா, உன் மாமா சொல்லச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு நாள் உன்னைச் சந்தேகப்பட்டேன். பெற்றவன் இப்படி எழுதலாமா என்று உனக்குத் தோன்றும். எழுதாமல் மனதில் வைத்துக்கொண்டு உன்னோடு போனில் சாப்பிட்டாயா என்று கேட்பதைவிட இது மேல்.

நாலாவது பெயர் வேல்விழி. மாடியில் மூன்று பெண்கள் குடியிருக்கிறார்கள் என்று உன் அம்மா சொல்லியிருப்பாள், அதில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இங்கே பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டுகளைச் சோதிக்கிற லைனில் வேலை, நாலு வருஷ சர்வீஸ். ஊருக்குப் போகும்போது உன் அம்மா என்னைக் கேட்காமல் வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்திருக்கிறாள், சாயங்காலம் விளக்கேற்றச் சொல்லி. கம்ப்யூட்டர் போர்டு தெரிந்தவள், கையில் சாவி, மூன்று நாள் ஆளில்லாத வீடு. வேறென்ன வேண்டும்? அவளுடைய லைன் லீடர் என் பழைய மேனேஜருக்கு ஏதோ உறவு என்று டீக்கடையில் ஒருவன் சொன்னதும் எனக்கு எல்லாம் பொருந்திப்போயிற்று. ஆனாலும் முதலில் அவளிடம் போகவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். அவன் பார்த்த மாத்திரத்தில் ஹார்ட் டிஸ்க் அவுட் சார், ரெண்டு நாள் வெச்சிட்டுப் போங்க என்றான். திறந்துகூடப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்றேன். பழைய வண்டின்னா அதான் சார் என்றான். இரண்டு நாளில் எத்தனை பேர் கைக்குப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்பிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருக்கிறீர்களே என்றார். நான் பெட்டியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

அந்த எரிச்சலோடு மாடிக்குப் போய் வேல்விழியைக் கேட்டுவிட்டேன். கேட்ட விதம் சரியில்லை. நான்கு பேர் இருக்கிற மொட்டை மாடியில், துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம், என் அறைக்குள் எதற்குப் போனாய், யார் சொல்லிப் போனாய் என்று கேட்டேன். மாசக் கடைசியில் காலி செய்துவிடு என்றும் சொன்னேன். அவள் அழுவாள் அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த துணியை உதறிக் கயிற்றில் போட்டுவிட்டு, "அண்ணாச்சி, எங்க லைன்ல ஒரு போர்டு எந்திரிக்கலன்னா யாரு கெடுத்தான்னு மொதல்ல கேக்க மாட்டோம். கரண்டு ஒழுங்கா வருதான்னு பாப்போம். ஆளக் கடைசியிலதான் கேப்போம்" என்றாள். இந்த அண்ணாச்சி எனக்குப் பிடிப்பதில்லை, சார் என்று கூப்பிடு என்று இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. நான் கீழே வந்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் அவளே இறங்கி வந்தாள், உன் அம்மா கூப்பிட்டிருக்கிறாள். நான் கதவோரத்திலேயே நின்று அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு பென் டிரைவ் அந்தப் பெட்டியைத் தொட்டாலும் தெரிந்துவிடவேண்டும் என்று. அவள் சுவிட்சைப் போட்டாள், தேதியைப் பார்த்தாள், சிரித்தாள். பூஜைக்குப் பிளக்கைப் பிடுங்கிப் போட்டீர்களா என்று கேட்டாள்.

பிடுங்கியது நான். அதை இங்கே கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும். கம்பெனியில் ஆயுத பூஜை அன்று எல்லா மெஷினையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மெயினை இறக்கிவிடுவோம். விஜயதசமி பூஜை ஆகும்வரை ஒரு ஸ்பேனரைக்கூட யாரும் தொடக்கூடாது. வீட்டில் இத்தனை வருஷம் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைப்பதோடு சரி, வயர் யு.பி.எஸ்.ஸிலேயே இருக்கும். வேலை போன பிறகு எனக்குப் பூஜை போட வேறு மெஷின் இல்லை. இந்த வருஷம் முறையாகச் செய்யவேண்டும் என்று தோன்றியது, என் கையால் எல்லா வயரையும் கழற்றி, துடைத்து, பொட்டு வைத்து, ஓய்வு கொடுத்தேன். மறுநாள் காலை அவசரமாக ஊருக்குக் கிளம்பியதில் வயரை மாட்டவில்லை. உள்ளே போர்டில் காசு மாதிரி தட்டையாக ஒரு பேட்டரி இருக்கிறது. வெளியிலிருந்து கரண்ட் வராதபோது தேதியையும் செட்டிங்கையும் ஞாபகம் வைத்திருப்பது அதுதான். அது செத்து எத்தனை வருஷமோ, பிளக் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நாலு நாள் கரண்ட் இல்லாமல் போனதும் போர்டு எல்லாவற்றையும் மறந்து, தான் பிறந்த 2009-க்கே போய்விட்டது. ஹார்ட் டிஸ்க்கை எந்த முறையில் படிப்பது என்று செட்டிங்கில் ஓர் இடம் உண்டு, அதில் இரண்டு வழி. நம்முடையது இரண்டாவது வழியில் இருந்திருக்கிறது, மறந்த போர்டு முதல் வழிக்குத் திரும்பிவிட்டது, அதனால்தான் பாதி எழுந்து விழுந்திருக்கிறது. அவள் பஸ் ஸ்டாப் பக்கத்து வாட்ச் கடையிலிருந்து பேட்டரி வாங்கிவந்து போட்டு, தேதியைச் சரிசெய்து, இரண்டாவது வழியை வைத்தாள். கம்ப்யூட்டர் எழுந்தது. நீ வைத்துவிட்டுப்போன அந்த மலைப் படம் திரையில் வந்தபோது உன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அந்த ரிஜிஸ்டர் பக்கம் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். இருந்தது.

வேல்விழியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. காலி செய்ய வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன், நானே சொல்லியிருக்கலாம். தண்டலத்தில் ரூம் பார்த்தாகிவிட்டது, மற்ற இரண்டு பேரும் தன்னோடு வருகிறார்கள் என்று பதில் வந்தது. லைன் லீடர் உறவு விஷயத்தை டீக்கடையில் சொன்னவனிடம் திரும்பக் கேட்டேன், நான் வேறு கம்பெனியைச் சொன்னேன் என்கிறான்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு ஒரு போன் போதும். உன் அம்மா அன்று மாலையே தன் தம்பிக்குப் போன் செய்துவிட்டாள். முன்கூட்டியே எச்சரிக்கிறாள் என்று நினைத்தேன். ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு அவன் வந்தான். இரண்டு வருஷமாக அவன் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை, அவன் இருந்தால் வேறு அறைக்குப் போய்விடுவேன். அன்றைக்குப் போகவில்லை, கம்ப்யூட்டரை விட்டு எழுந்தால் என்ன செய்வானோ என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தப் பக்கத்தைப் பார்த்தான். குனிந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். பிறகு, "எத்தினி வாட்டி இத்த பாத்திருப்ப மாமா. பைப்புல முடி மாதிரி கீறல் இருந்தா கண்டுபுடிச்சிடுவ. என் கையெழுத்துக்கு மேல இன்னா கீதுன்னு பாக்கலையா நீ" என்றான். படத்தைப் பெரிதாக்கினேன். அவன் கையெழுத்தின் மேல், கோட்டோடு ஒட்டி, பொடி எழுத்தில் மேனேஜரின் இனிஷியல் இரண்டும், பக்கத்தில் போன் என்ற வார்த்தையும் இருந்தன. எங்கள் தளத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். மேலே இருப்பவர் எழுத்தில் தராமல் வாயால் உத்தரவு போட்டால், கையெழுத்துப் போடுகிறவன் சொன்னவரின் இனிஷியலைச் சின்னதாக மேலே எழுதிவைப்பான், நாளைக்குத் தன் கழுத்துக்கு வந்தால் காட்டுவதற்கு. நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இந்தப் பக்கத்தை நூறு முறை பார்த்திருப்பேன், உன் மாமாவின் கையெழுத்தைக் கண்டதும் என் கண் அங்கேயே நின்றுவிடும், அதற்கு மேலே போனதில்லை. தர ஆய்வாளன் என்று சொல்லிக்கொள்கிறவன் தவறவிட்டது இது. யாரும் மாற்றவில்லை, யாரும் மறைக்கவில்லை, அங்கேயே இருந்தது.

அப்படியானால் விசாரணையில் ஏன் அட்டையைப் பார்க்கவில்லை என்று பொய் சொன்னாய் என்று கேட்டேன். "பயம் மாமா. வேற இன்னா சொல்ல சொல்ற" என்றான். உன் அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள், அவன் குடிக்கவில்லை. அவன் சொன்னது பொய்தான், அதை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் எழுதிவைக்க வேண்டாம். மறுநாள் பிரிண்ட் எடுத்து எழிலரசி அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அந்தப் பொடி எழுத்தைப் பார்த்துவிட்டு, இது நல்ல ஆதாரம், ஆனால் இந்த இரண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று எழுதியவரே வந்து சொல்லவேண்டும், இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு இது வெறும் கிறுக்கல் என்று சொல்லும் என்றார். ஆக, இந்த உலகத்தில் நான் யாரைக் கொஞ்சமும் நம்புவதில்லையோ அவன் வாயில் இருக்கிறது என் பெயர். பாண்டுரங்கனுக்குப் போன் செய்தேன், இரண்டு வருஷத்தில் முதல் தடவை. வேலை போகலாம், தெரியுமா என்று நானே சொன்னேன். அவன் தெரியும் என்றான். வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன், பைக்கில் ஏழரைக்கு வருகிறேன், சேர்ந்து போகலாம் என்றான். இப்போது லைனில் இன்ஸ்பெக்ஷனே கிடையாது, எல்லாம் தன் கையெழுத்தில்தான் போகிறது என்றும் சொன்னான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வருகிறானா, அக்காவுக்காக வருகிறானா, கம்பெனி சொல்லி அனுப்பி அங்கே வந்து வேறு மாதிரி பேசப்போகிறானா, மூன்றையும் நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அவன் குரலில் குறை எதுவும் தென்படவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இத்துடன் அட்டையில் சுற்றி ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன், அந்தப் பக்கத்தின் பிரதி. வேல்விழிதான் போட்டுக் கொடுத்தாள். உன் பீரோவில் பத்திரமாக வை, கூட இருக்கிற பெண்ணுக்குக் காட்டாதே, அவள் நல்லவளாகவே இருக்கலாம். உன் லேப்டாப்பில் இருப்பதற்கும் வேறோர் இடத்தில் பிரதி வைத்துக்கொள், என் மாதிரி ஒரே பெட்டியை நம்பாதே. ஆபீஸில் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. யாராவது வாயால் சொல்லிப் போடச் சொன்னால் சொன்னவர் பெயரை மேலே எழுதிவை.

வியாழக்கிழமை அவன் வருவான் என்றுதான் நினைக்கிறேன். ஏழரைக்கு என்றான். நான் ஆறே முக்காலுக்கே சட்டை போட்டுத் தயாராகிவிடுவேன், அவன் வராவிட்டால் ஏழே காலுக்கே கிளம்பி பஸ் பிடித்தாகவேண்டும், அதற்கு மேல் ஆனால் கோர்ட் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஏழரை வரைக்கும் நிற்பதா, ஏழே காலுக்குக் கிளம்புவதா என்று இரண்டு நாளாக யோசித்தேன். நிற்பதாக முடிவு செய்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கையில் எடுத்த காரியம் எதுவும் தடைபடாமல் நடக்க, நல்ல பெயரோடு நீ நீண்ட நாள் வாழ, எங்கள் இருவரின் ஆசீர்வாதம். பென் டிரைவ் கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு வரியாவது கையால் எழுதிப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
கோதண்டராமன்